கொண்டல் கையில் உப்பு அழுத கதை

அந்தக் காலத்தில் காற்றுக்கு வாயும் இருந்தது, கையும் இருந்தது. நண்டு பேசும், நாரை பேசும். கேட்ட கேள்விக்கு அலைகூட ஒரு நொடி நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் போகும். காற்றுக்கு ஏது கை என்று குறுக்கே விழுந்து கேட்கிறவர்களுக்கு இந்தக் கதை சரிப்படாது. அவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அப்போதெல்லாம் கடல் மேல் மூட்டம் என்ற ஒன்று கிடையாது. எந்த நாளில், எந்த நேரத்தில் கரையில் நின்று பார்த்தாலும் வானமும் கடலும் தொடுகிற கோடு பளிச்சென்று தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலே ஓர் ஆலா பறந்தால், அதன் வால் பிளந்திருக்கிறதா இல்லையா என்று கரையில் இருக்கிறவர் சொல்லிவிடலாம். அவ்வளவு தெளிவு.

பூநாரைத்துறை என்கிற ஊரில் ஆவுடை என்று ஒருத்தி இருந்தாள். ஊரை ஒட்டியிருந்த உப்புப் பாத்தி அவளுடையது. அவள் புருஷன் மாசானம் கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். விடிகிற நேரத்தில் மேற்கே நிலத்துப் பக்கமிருந்து கச்சான் காற்று வரும். அது அவன் மரத்தைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். உச்சி சாய்ந்ததும் கிழக்கே கடல் பக்கமிருந்து கொண்டல் காற்று வரும். அது அவனைக் கரையில் கொண்டுவந்து சேர்க்கும். கச்சான் ஆண், கொண்டல் பெண். கச்சான் காய்ந்த உடம்புக்காரன். கொண்டலோ எந்நேரமும் நனைந்த கையோடு திரிகிறவள். ஒருவர் வந்தால் மற்றவர் ஒதுங்கிக்கொள்வார்கள். அவர்களுக்குள் சண்டையும் இல்லை, பேச்சுவார்த்தையும் இல்லை.

ஆவுடையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நல்லவள், உழைப்பாளி, கைராசிக்காரி, எல்லாம் சரிதான். ஆனால் சந்தேகம் பிடித்தவள். வெந்துவிட்டாயா என்று பானைக்குள் அரிசியைக் கேட்பாள். வெந்துவிட்டேன் என்று அரிசி சொன்னால், இது ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறது என்று யோசிப்பாள். பக்கத்து வீட்டுச் சோலைச்சி சிரித்தால், எதற்குச் சிரிக்கிறாள்? சிரிக்காமல் போனால், எதை மறைக்கிறாள்? இப்படியே அவளுக்குப் பொழுது போகும்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. சின்ன வயதில் ஒருநாள் அவள் கரையில் நின்று தன் அப்பனின் கட்டுமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலடியில் ஒரு சிப்பி கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தாள். நிமிர்ந்தபோது கடலில் மரம் இல்லை. குனிந்த நேரம்தான். அப்புறம் அவளுக்குக் கடல் மேல் நம்பிக்கை இல்லை, காற்றின் மேல் நம்பிக்கை இல்லை. தன் இரண்டு கண்ணை மட்டும்தான் நம்பினாள்.

அதனால் மாசானம் கடலுக்குப் போனால் அவள் கண்ணும் கூடவே போகும். பாத்தியில் உப்பு வாரும்போதும் நொடிக்கொருதரம் தலையைத் தூக்கிக் கடலைப் பார்ப்பாள். "நான் பாத்துக்கிட்டிருக்க வரைக்கும் கடல் அவரை ஒண்ணும் செய்யாது. கண்ணை எடுத்தா கொண்டுபோயிரும்" என்பாள். மாசானத்துக்கும் இது தெரியும். தூரத்தில் புள்ளியாக இருக்கும்போதே கையைத் தூக்கிக் காட்டுவான். கரையில் இவளும் கையைத் தூக்குவாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கஞ்சி இறங்கும்.

மாசானத்திடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கரையேறி வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்ததும் கொண்டலைப் புகழ ஆரம்பித்துவிடுவான்.

"இன்னைக்குக் கொண்டலு என்னமா கொண்டாந்து விட்டா தெரியுமா! துடுப்பே போடல. புண்ணியவதி."

ஆவுடையின் கையில் அகப்பை அப்படியே நிற்கும். "தலை ஏன் நனைஞ்சிருக்கு?"

"கொண்டலு வீசுனா நனையாதா?"

"வீசுறவ மரத்தைத் தள்ளிட்டுப் போகட்டும். உங்க தலையை எதுக்குத் தொடுதா?"

மாசானம் சோற்றைப் பார்த்துக்கொண்டு சிரிப்பான். அந்தச் சிரிப்பும் அவளுக்குப் பிடிக்காது.

இப்படி இருக்கும்போது ஆவுடையின் உப்பு குறைய ஆரம்பித்தது.

பாத்தியில் வாரிய உப்பை அவள் மேட்டில் அம்பாரமாகக் குவித்து, திறந்தபடியே போட்டிருந்தாள். உப்பை மூடிவைக்கிற வழக்கம் அப்போது இல்லை. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் அம்பாரத்தின் கூர் மழுங்கியிருந்தது. மறுநாள் காலையில் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் சரிந்திருந்தது. அந்த உப்பு இல்லையென்றால் மாசானம் கொண்டுவருகிற மீன் கருவாடாகாது, அழுகிப்போகும்.

அவள் ஒரு வேலை செய்தாள். அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு போய் அம்பாரத்தைச் சுற்றி வட்டமாகத் தூவினாள். எந்தக் கால் வருகிறதோ அந்தக் காலின் தடம் சாம்பலில் விழுந்துவிடும் அல்லவா? கெட்டிக்காரிதான். ஆனால் விடிந்து போய்ப் பார்த்தால் ஒரு தடம்கூட இல்லை. தடம் மட்டுமா, சாம்பலே இல்லை.

வேறு யாராவது இருந்தால் அங்கேயே நின்று யோசித்திருப்பார்கள். உப்பைத் திருட வந்தவன் சாம்பலை எதற்கு எடுக்கப் போகிறான்? கால் வைக்காமல் அள்ளுகிறவன் யார்? ஆவுடை அதையெல்லாம் யோசிக்கவில்லை. அவள் மனதில் ஏற்கெனவே ஒரு பெயர் உட்கார்ந்திருந்தது.

அப்போது கச்சான் அந்த வழியாகத்தான் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தான். மற்ற நாளாக இருந்தால் அந்த ஒன்றே ஆவுடைக்குப் போதும்.

"என்ன மைனி, காலையிலேயே முகம் இப்படி இருக்கு?"

"உப்பை யாரோ அள்ளுதாவ. யாருன்னு தெரிஞ்சா தோலை உரிச்சிருவேன்."

கச்சான் கட்டிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டான். சுற்றும் முற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நான் சொன்னேன்னு வெளிய சொல்லக்கூடாது. நேத்துச் சாயங்காலம் நான் அந்தப் பனைக்குப் பின்னால ஒதுங்கி நிக்கையில, கொண்டலு உங்க அம்பாரத்தைச் சுத்திச் சுத்தி வந்தா. அண்ணாச்சி தலையைத் தடவுதாள்ல, அதே கைதான்."

"அப்படியா சங்கதி!" என்றாள் ஆவுடை. பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. இத்தனை நாளாகத் தான் நினைத்தது சரிதான் என்ற சந்தோஷம். அது பொல்லாத சந்தோஷம்.

பூநாரைத்துறையில் ஒரு வழக்கம் இருந்தது. களவு போனால் சந்தேகப்பட்டவர்களின் உள்ளங்கையில் ஒரு பிடி உப்பை வைத்து, நான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்யச் சொல்வார்கள். எடுக்காதவன் கையில் உப்பு காய்ந்தபடி இருக்கும். எடுத்தவன் கையில் உப்பு அழும். ஈரம் கசிந்து விரலிடுக்கில் சொட்டும். இது ஒருபோதும் பொய்த்ததில்லை. பொய் சொல்கிறவனுக்குப் பயத்தில் உள்ளங்கை வேர்க்கும், வேர்வையில் உப்பு இளகும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஊரில் யாரும் அப்படி நினைக்கவில்லை. உப்புக்குத் திருடனைத் தெரியும் என்றுதான் நம்பினார்கள்.

"நாளைக்கு எல்லாருக்கும் உப்புச் சத்தியம்" என்று ஆவுடை ஊரில் சொல்லிவிட்டாள். "கொண்டலுக்கும் சேத்து."

மாசானத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? காத்தைப் பகைச்சுக்கிட்டு நான் கடலுக்குப் போக முடியுமா? உப்பு போனா இன்னொரு தடவை வாரிக்கலாம்."

"அவளைச் சொன்னா உங்களுக்கு ஏன் இப்படிப் பொத்துக்கிட்டு வருது?"

 மறுநாள் விடிகிற நேரத்தில் மாசானம் துடுப்பைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். கடலுக்குள் புள்ளியானதும் வழக்கம்போலக் கையைத் தூக்கினான். ஆவுடை மேட்டில் நின்று பார்த்தாள். கையைத் தூக்கவில்லை. இருக்கட்டும், சாயங்காலம் வரட்டும், பேசிக்கொள்ளலாம் என்று நின்றாள். மாசானம் இன்னொரு தடவை தூக்கினான். அதற்கும் அவள் தூக்கவில்லை.

காலையில் ஊர் கூடியது. முதலில் சோலைச்சி கையை நீட்டினாள். "என் புருஷனும் உன் புருஷனும் ஒண்ணாத்தான் கடல்ல கிடக்காவ. உன் உப்பை அள்ளி நான் எந்தக் குழம்புல போடப்போறேன்? வை பாப்போம்" என்றாள். உப்பு காய்ந்தபடியே இருந்தது. "பாத்தியா?" என்று உப்பை ஆவுடையின் காலடியிலேயே உதறிவிட்டுப் போனாள்.

அடுத்து மேட்டு வளையில் குடியிருந்த நண்டு வந்தது. அதற்கு ஒரு கை பெரியது, ஒரு கை சின்னது. "எந்தக் கையில வைக்கணும் தாயி?" என்று கேட்டது. ஆவுடைக்கு அந்தக் கேள்வியே சந்தேகமாக இருந்ததால் இரண்டு கையிலும் வைத்தாள். இரண்டும் காய்ந்தே இருந்தன.

அடுத்து கச்சான்.  மாட்டிக்கொண்டோம் என்று கண்ணை மூடிக்கொண்டுதான் கையை நீட்டினான். ஆவுடை உப்பை வைத்தாள். "நான் எடுக்கல" என்றான். உப்பு கசியவில்லை. கசியாதது மட்டுமல்ல, அவன் கைச்சூட்டில் முன்னைவிட உலர்ந்து மொறமொறவென்று ஆயிற்று. கச்சான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான், அப்புறம் இன்னொரு கண்ணையும் திறந்தான். அவனுக்கே நம்ப முடியவில்லை.

"உத்தமன்" என்றது ஊர்.

உச்சி சாய்ந்தது. தூரத்தில் கட்டுமரங்கள் கரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தன. கொண்டல் அவற்றுக்கு முன்னால், என்றும் போல ஈரக் கையைத் தொங்கவிட்டபடி, கரைக்கு வந்தாள். கரை முழுக்க ஆட்கள் நிற்பதைப் பார்த்து யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"என்ன தாயி, எல்லாரும் இங்க நிக்கீய?"

"கையை நீட்டு" என்றாள் ஆவுடை.

"எதுக்கு?"

"என் உப்பை அள்ளினது நீதானே? இல்லைன்னா உப்பு மேல சத்தியம் பண்ணு."

கொண்டல் சிரித்துவிட்டாள். "எனக்கு எதுக்குத் தாயி உப்பு? பொறந்ததிலேருந்து நான் உப்பைத் தொட்டதே கிடையாது. நான் எடுக்கல." சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள்.

ஆவுடை ஒரு பிடி உப்பை அந்தக் கையில் வைத்தாள்.

உப்பு அழுதது. கொஞ்சநஞ்சமல்ல. வைத்த மாத்திரத்தில் பளபளத்தது, கசிந்தது, விரலிடுக்கில் ஒழுகி மணலில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது.

கொண்டல் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என் கை எப்பவும் ஈரந்தானே?" என்றாள் மெதுவாக.

"திருடின கை எல்லாம் ஈரந்தான்!" ஆவுடையின் குரல் கரை முழுக்கக் கேட்டது. "வேணுங்கிறதை எங்கிட்ட கேட்டு வாங்கியிருக்கலாம். கள்ளி! இனிமே இந்தக் கரையில காலெடுத்து வைக்காத. என் புருஷன் தலையைத் தொடாத. போ!"

கொண்டல் எதிர்த்துப் பேசியிருக்கலாம். அழுதிருக்கலாம்.  அவளோ உப்பு ஒழுகிக்கொண்டிருந்த கையை அப்படியே மூடிக்கொண்டாள். "சரி" என்றாள். வந்த வழியே திரும்பிக் கிழக்கே போனாள்.

ஆவுடைக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. அது எவ்வளவு நேரம்? ஒரு வெற்றிலை போட்டு மெல்கிற நேரம்கூட இல்லை.

கொண்டல் போய்விட்டால் கச்சானை ஒதுங்கச் சொல்ல யார் இருக்கிறார்கள்? மத்தியானமும் தன்னுடையதுதான் என்று தெரிந்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பனையை ஆட்டினான், பரணை ஆட்டினான், கரையிலிருந்து கடலுக்குள் ஒரே வீச்சாக வீசினான். கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்த கட்டுமரங்கள் நின்றன. அப்புறம் பின்னுக்குப் போக ஆரம்பித்தன. ஆவுடை மேட்டில் நின்று பார்த்தாள். மாசானம் துடுப்புப் போடுவது தெரிந்தது. போடப் போட மரம் சின்னதாகிக்கொண்டே போனது.

"பாத்துக்கிட்டே இருக்கேன், ஒண்ணும் ஆகாது. பாத்துக்கிட்டே இருக்கேன்" என்று அவள் வாய் தன்னால் முனகியது.

அப்போதுதான் கிழக்கே அது தோன்றியது.

நடந்தது இதுதான். கச்சான் நாள்தோறும் அள்ளிக்கொண்டுபோய் வீசிய உப்புத்தூசி எல்லாம் கீழே விழாமல் கடல் மேல் அந்தரத்திலேயே மிதந்துகொண்டிருந்தது. காய்ந்த தூசி, கண்ணுக்கே தெரியாத தூசி. கொண்டல் ஈரக் கையில் உப்பை மூடிக்கொண்டு அதற்குள் நடந்து போனதும், தன் இனத்தின் வாசனை கண்டு தூசி எல்லாம் அவளிடம் வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டு அவள் ஈரத்தைக் குடித்தது. அதுவரை உப்பு அறியாத ருசி அது. குடித்துக் குடித்து ஒவ்வொரு தூசியும் ஊதியது, பருத்தது. பருத்த தூசி எல்லாம் சேர்ந்து வெயிலை மறித்தது. வானமும் கடலும் தொடுகிற கோட்டின் மேல் யாரோ வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டது போல மூட்டம் எழும்பியது. பூநாரைத்துறை அதற்கு முன் அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

கச்சான் கட்டுமரங்களை அதற்குள்தான் தள்ளிக்கொண்டு போனான். ஆவுடை பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாசானத்தின் மரம் மங்கியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். இருந்தது. இன்னொரு தடவை பார்த்தாள். இல்லை. இந்தத் தடவை அவள் குனியவில்லை, சிப்பி பொறுக்கவில்லை, கண்ணை எடுக்கவே இல்லை. ஆனாலும் போய்விட்டது.

சோலைச்சி மேலே ஏறி வந்தாள். சத்தம் போடுவாள் என்று ஆவுடை நினைத்தாள். அவள் சத்தம் போடவில்லை. "கொண்டல விரட்டிட்டியே ஆவுட. நம்ம ஆளுங்களை இனி யாரு கொண்டாந்து விடுவா?" என்று மட்டும் கேட்டாள்.

 ஆவுடை உப்பு அம்பாரத்தின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "நான் ஒரு தப்பும் பண்ணல. என் பொருளைக் கேட்டேன். நான் ஒரு தப்பும் பண்ணல" என்று சொல்லிச் சொல்லி, இரண்டு கையாலும் உப்பை இறுகப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் கையில் பிசுபிசுவென்று ஏதோ பட்டது. கையைத் திருப்பிப் பார்த்தாள்.

அவள் கையில் உப்பு அழுதுகொண்டிருந்தது. விரலிடுக்கில் ஒழுகி முழங்கை வரை வந்திருந்தது.

அவளுக்குச் சுரீரென்றது. தன் உப்பைத் தான் திருடவில்லை. அது மட்டும் சத்தியம். பயத்தில் கை வேர்த்திருக்கிறது, வேர்த்த கையில் உப்பு இளகியிருக்கிறது. அப்படியென்றால் உப்புக்குத் திருடனும் தெரியாது, உத்தமனும் தெரியாது. ஈரம் ஒன்றுதான் தெரியும். பிறந்ததிலிருந்தே கை ஈரமானவளைக் கூப்பிட்டு ஊர் நடுவில் நிறுத்தி...

"கச்சான்!" என்று அவள் போட்ட சத்தத்தில் நண்டு வளைக்குள் போய்விட்டது.

கச்சான் வந்தான். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"கையை முன்னால கொண்டா. விரி."

விரித்தான். ஒரு கையில் உப்பு, இன்னொரு கையில் அவள் தூவிய சாம்பல்.

"என் கை சும்மா இருக்காது மைனி" என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "வரும்போது புழுதியைத் தொடுவேன், சருகைத் தொடுவேன். உங்க உப்பு வெள்ளையாக் கிடந்துச்சு, ஒரு பிடி எடுத்தேன். கடல் மேல வீசினா மினுங்கும்னு நினைச்சேன். எங்க மினுங்குச்சு? எங்க போச்சுன்னே தெரியல. அதான் மறுநாளும் ஒரு பிடி."

"நேத்துக் கேட்டேனே, அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தோலை உரிப்பேன்னீய. பயத்துல கொண்டலு பேரு வந்துட்டு." கச்சான் கையில் இருந்த சாம்பலைப் பார்த்தான். "நீங்களும் அந்தப் பேரைத்தான் எதிர்பாத்துக்கிட்டு நின்னீய மைனி."

ஆவுடைக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் சொன்னது உண்மை. உண்மையை எப்படி அறைவது? "வாயை மூடிக்கிட்டு அப்படியே நில்லு. இன்னும் ஒரு மூச்சு விட்டியோ, தெரியும் சங்கதி" என்றாள். கச்சான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். பனை அசையவில்லை. கடல் அசையவில்லை. அந்த வெள்ளை மூட்டமும் நின்ற இடத்திலேயே நின்றது.

ஆவுடை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடலுக்குள் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றாள்.

"கொண்டலே! தப்பு என் மேலதான். நீ எடுக்கல. எடுத்தவன் இந்தா கரையில நிக்கான். உன்னைக் கள்ளின்னு சொன்ன என் வாயில புழு விழட்டும். என் புருஷன் உன் பக்கம் கிடக்கார். அவரைக் கொண்டாந்து விடு தாயி!"

 கிழக்கே மூட்டத்துக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"நான் வாரேன் ஆவுட. வரமாட்டேன்னு சொல்லல. ஆனா நீ வச்ச உப்பு என் கையை விடமாட்டேங்குது. கழுவிப் பாத்தேன், போகல. என் ஈரத்தோட ருசி கண்டுட்டு. நான் வந்தா அதுவும் என்கூட வரும். வரவர ஊதும். இந்த வெள்ளை உன் கரை வரைக்கும் மூடும். உன் ஆளு வாரது உனக்குத் தெரியாது. எங்க இருக்காரு, எப்படி இருக்காரு, ஒண்ணும் தெரியாது. இன்னைக்கு மட்டுமில்ல, நான் வார நாளெல்லாம் அப்படித்தான். வேண்டாம்னா சொல்லு, நான் இங்கயே இருந்துக்கிடுதேன். கடல் பழையபடி பளிச்சுன்னு இருக்கும். நீ கரையில நின்னு பாத்துக்கிட்டே இருக்கலாம்."

பார்த்துக்கொண்டே இருக்கலாம். எதை? வெறுங்கடலை.

ஆவுடை வாழ்நாள் முழுக்க நம்பியது அந்த இரண்டு கண்ணைத்தான். அதைக் கொடு என்று கேட்கிறாள், சற்று முன்புதான் கள்ளி என்று பட்டம் வாங்கிக்கொண்டு போனவள். கொடுத்தால் கொண்டுவந்து விடுவாளா? பழிவாங்க இதைவிட நல்ல வழி உண்டா? மூட்டத்துக்குள் என்ன செய்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது? இப்படி ஆயிரம் கேள்வி அவளுக்குள் எழும்பியது. பழகிப்போன மனசு, சொன்னால் கேட்குமா?

"நீ வா தாயி" என்றாள்.

கொண்டல் வந்தாள். வெள்ளை அவளோடு வந்தது. முதலில் கடல் மறைந்தது, பிறகு அலை மறைந்தது, பிறகு ஆவுடைக்குத் தன் கையே மறைந்தது. உதட்டில் உப்பு கரித்தது. கரையில் நிற்கிற பெண்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை. எங்கோ சோலைச்சி அழுகிற சத்தம் கேட்டது.

என்ன செய்வதென்று தெரியாமல் ஆவுடை குரல் கொடுத்தாள். "ஓ...வ்!" என்றாள். பின்னாலிருந்து சோலைச்சியும் குரல் கொடுத்தாள். அப்புறம் எல்லாப் பெண்களும். யாருக்கும் யாரையும் தெரியவில்லை, குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை கூப்பிட்ட பிறகும் ஆவுடை காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பதில் இல்லை. ஏமாற்றிவிட்டாளோ என்று தோன்றும். அந்த நினைப்பை விழுங்கிக்கொண்டு மறுபடி கூப்பிடுவாள். அவள் அதுவரை செய்த வேலைகளிலேயே அதுதான் கடினமான வேலை.

கையைத் தூக்கினாள். காலையில் தூக்காமல் விட்ட கை. அவன் பார்க்க முடியாது என்று தெரியும். ஆனாலும் தூக்கியபடியே நின்றாள்.

இடுப்பில் ஏதோ முட்டியது. கட்டுமரத்தின் மூக்கு.

"ஏட்டி! தண்ணிக்குள்ள ஏன் நிக்க?" என்றது மாசானத்தின் குரல்.

ஆவுடை எட்டிப் பிடித்தாள். கைக்கு அவன் தலைதான் கிடைத்தது. நனைந்த தலை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள். பின்னாலேயே மற்ற மரங்களும் வந்து மணலைத் தொட்டன. கரையெங்கும் பெண்கள் கைபோன போக்கில் தடவித் தங்கள் ஆட்களைக் கண்டுபிடித்தார்கள். சோலைச்சி முதலில் தவறான ஆளைக் கட்டிக்கொண்டாள் என்றும் சொல்வார்கள்.

"உள்ள ஒண்ணுமே தெரியல" என்றான் மாசானம். "எந்தப் பக்கம் கரைன்னு தெரியல. கொண்டலுதான் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்தா."

ஆவுடை வாயைத் திறந்தாள். கையைப் பிடித்தாளா என்று கேட்கத்தான் திறந்தாள். அப்புறம் மூடிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மேலே இடித்தது. ஈரத்தைக் குடித்துக் குடித்துப் பருத்த உப்புத்தூசி உயர உயரப் போய்த் தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் மழையாகக் கொட்டித் தீர்த்தது. கொட்டி முடித்ததும் கடல் கழுவிவிட்டது போலத் தெளிந்தது. வானமும் கடலும் தொடுகிற கோடு மறுபடி தெரிந்தது. ஆவுடை அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நாளைக்குக் கொண்டல் வரும்போது அது மறுபடி மறைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போனதும் அவள் முதலில் செய்த வேலை, பனையோலை வெட்டி வந்து, மழையில் கரைந்தது போக மிச்சமிருந்த அம்பாரத்தை மூடியதுதான். கச்சானின் கையும் சும்மா இருக்காது, ருசி கண்ட உப்பும் சும்மா இருக்காது அல்லவா?

அன்று முதல் கச்சான் வீசுகிற நாளில் மட்டும்தான் கடல் கோடு வரை தெளிவாகக் கிடக்கிறது. கொண்டல் வீசினால் வெள்ளை மூட்டம் கட்டி, மழை பெய்து கழுவினால்தான் விலகுகிறது. வீட்டுக்குள் மூலையில் மூடிவைத்த உப்புச் சட்டிகூடக் கொண்டல் வரும் நாளில் கசிந்து அழுகிறது. அன்று முதல்தான் பூநாரைத்துறையில் யாரும் யார் கையிலும் உப்பை வைத்துச் சத்தியம் கேட்பதில்லை. காலையில் ஆட்கள் கடலுக்குப் போகும்போது எவ்வளவு கோபம் இருந்தாலும் பெண்கள் கையைத் தூக்கிக் காட்டாமல் இருப்பதில்லை. மூட்டம் போட்ட மத்தியானங்களில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒன்றும் தெரியாத வெள்ளைக்குள் குரல் கொடுத்துவிட்டு, பதில் வரும்வரை காத்து நிற்கிறார்கள்.